உயிரோடு இருப்பவனுக்கு அந்தியேட்டி

அந்த வருடம், ஈஸ்டருக்கு முன்வரும் தபசு காலத்துக்கு நான் கோபத்தை விடுவதாக நேர்ந்திருந்தேன். இறைச்சியை விட்டவர்கள் இருக்கிறார்கள், தேத்தண்ணிக்குச் சீனியை விட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் ஒரு விசயமே இல்லை. கோபம்தான் என்னோடு கூடப் பிறந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார், "பேர்ணடெற், ஒரு நாற்பது நாளைக்கு உன்ர வாயை அடக்கிப் பார்" என்றார். அடக்கித்தான் பார்த்தேன். ஐந்தாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, ஸ்ரீஸ்கந்தராசா ஐயாவின் வீட்டில் எல்லாம் போயிற்று.

என் வேலை மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, லோயர் கந்தோர், அகதி விசாரணை என்று ரொறன்ரோவில் தமிழர் வாய் திறக்கவேண்டிய இடமெல்லாம் போய் நடுவில் இருப்பேன். கேட்க லேசாக இருக்கும். எங்கள் சனத்துக்கு மொழிபெயர்த்துப் பார்த்தால் தெரியும். உனக்கு எத்தனை வயது என்று கேட்டால், தகப்பன் செத்த வருடத்தில் தொடங்கி, அக்காவின் கலியாணத்தில் நின்று மூச்சு வாங்கி, வயதைச் சொல்லாமலே முடிப்பார்கள். தொடக்கத்தில் நானும் நல்லது செய்வதாக நினைத்து, வெட்டி ஒட்டி அழகாக்கி ஆங்கிலத்தில் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அகதி விசாரணையில் ஒரு பெண் "மாரி தொடங்கின மூட்டம்" என்று மழைக்காலத் தொடக்கத்தைச் சொன்னதை, என் பாட்டில் நவம்பர் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய பத்திரத்தில் ஒக்டோபர் என்று எழுதியிருந்தது. பாவம், ஒரு பொய்யும் சொல்லாதவளை என் வாய் பொய்க்காரி ஆக்கிவிட்டது. இரண்டு வருடம் அலைந்து அப்பீலில் தப்பினாள். அன்றைக்கு எடுத்த முடிவு: சொன்னது சொன்னபடி. ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், ஒரு சொல் குறைக்கவும் மாட்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மார்ச் மாதம் லோயர் ஸிராஜ் எனக்குக் கோல் எடுத்தார். ஸிராஜ் கொழும்பு முஸ்லிம், அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மாடியில் கந்தோர் வைத்திருந்தவர். நல்ல மனுசன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் கதைப்பார்.

"அக்கா, ஒரு வயசான ஆள் உயில் எழுதணும்டு நிக்கிறார். ஈரல்ல கென்சர். நாள் கொஞ்சம்தான். ஒரு டொக்டர் வந்து அவருக்குப் புத்தி தெளிவா இருக்கான்னு பாத்து எழுதித் தரணும். நீங்க வந்து பேசித் தரணும்."

"ஏன் அவருக்குப் புத்தியில என்ன?"

"ஒண்டுமில்ல. ஆனா வீட்டை மகனுக்குக் குடுக்காம மருமகளுக்குக் குடுக்கிறார். மகன் நாளைக்கு வழக்குக்கு வந்து, அப்பாக்கு விசர், சொன்னது விளங்காமக் கையெழுத்து வெச்சார்னு சொன்னா? அதுக்குத்தான் இப்பவே ஒரு காயிதம்."

பெயரைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பழக்கமில்லை, ஆனால் ஸ்காபரோவில் அந்தக் கதை தெரியாத தமிழர் இல்லை. ஐயா இலங்கையில் நில அளவையாளராக இருந்து பென்சன் எடுத்தவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். வெள்ளவத்தையில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்து, ஃபிஞ்ச் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைத் தன் பெயரில் வாங்கினார். பிள்ளை என்று ஒரே ஒருவன், ஜனார்த்தன். அவன் நாலு வருடத்துக்கு முதல், கூட வேலை செய்த ஒருத்தியோடு மொன்றியலுக்குப் போய்விட்டான். பெண்சாதி சாம்பவியும் ஐந்து வயது மகள் அட்சயாவும் ஐயாவோடு தனித்துப் போனார்கள். சாம்பவி ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் வேலைக்குப் போய் வீட்டுக் கடனைக் கட்டினாள். மாமனாரையும் பார்த்தாள். உயில் இல்லாமல் ஐயா கண்ணை மூடினால் சட்டப்படி வீடு முழுவதும் மகனுக்கு. சாம்பவிக்கு ஒரு கதவுப் பூட்டும் மிஞ்சாது.

இதுவரைக்கும் ஸிராஜுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பார்ட்மெண்டில் இருக்கும் பஸ்ரியன் அண்ணை விசேசங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். மகன் விட்டுப்போன அந்த வருடமே ஐயா அவரிடம் அறுபது பேருக்கு மரக்கறிச் சாப்பாடு சொல்லியிருக்கிறார். பஸ்ரியன் அண்ணை கோயில் மண்டபத்துக்குச் சட்டிபானையோடு போனால், ஐயர் மந்திரம் சொல்கிறார், எள்ளும் தண்ணீரும் இறைபடுகிறது, மாலை போட்ட ஒரு படம்.

"படத்தைப் பாத்தன் பேர்ணடெற்," என்று அவர் லிப்டில் வைத்து எனக்குச் சொன்னார். "நான் போன மாதம் மொன்றியலில கண்டு, ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிச்ச பொடியன். எனக்குக் கையில இருந்த சட்டி விழப் பாத்தது."

இந்துக்கள் செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டியை, உயிரோடு இருக்கிற மகனுக்கு, ஐயருக்குப் பொய் சொல்லி, ஊரைக் கூட்டிச் சோறு போட்டு அந்த மனுசன் செய்து முடித்திருக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயர் இல்லை. சாம்பவியைப் பார்த்து, "பொட்டும் தாலியும் உன்ர விருப்பம் பிள்ளை, நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றாராம். அவள் இரண்டையும் கழற்றவில்லை. இந்தக் கதையை வெட்கத்தில் ஒருவரும் ஸிராஜுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கூட்டுவதில்லை, குறைப்பதில்லை என்று பெரிய கொள்கைக்காரி அல்லவா நான்!

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போனேன். தெருவோரத்தில் ஸ்னோ கறுத்துப்போய்க் கிடந்தது. டொக்டர் கிரீன்வுட் எனக்கு முதலே வந்துவிட்டார். அறுபது வயது மதிக்கலாம், நரைத்த கட்டை மயிர். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்தார். அதிலேயே எனக்கு மனுசியைப் பிடித்துவிட்டது.

முன் அறையில் சோபாவை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் ஐயா முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கண்கள் மஞ்சள். ஆனால் சவரம் செய்து, சேட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் பூட்டி, விபூதி பூசியிருந்தார். சோதனைக்குத் தயாராகத்தான் இருந்தார்.

"சாம்பவி கீழே போகவேண்டும்," என்றார் டொக்டர். "இங்கே பேசுவது அவருக்குக் கேட்கக் கூடாது. பிறகு யாரும் அவர் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது."

நான் தமிழில் சொன்னேன். சாம்பவி தலையாட்டிவிட்டு பேஸ்மன்றுக்கு இறங்கினாள். முப்பத்தாறு வயது, ஐம்பது வயதுக்காரியின் கை. கொஞ்ச நேரத்தில் கீழே உடுப்புக் காயவைக்கும் மெசின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. தனக்குக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அதைப் போட்டிருக்கிறாள்.

டொக்டர் தொடங்கினார். இன்றைக்கு என்ன திகதி?

"இங்கிலிஸ் திகதியோ, தமிழ்த் திகதியோ?" என்றார் ஐயா. "மார்ச் பதினெட்டு. பங்குனி அஞ்சு. செவ்வாய். ராகு காலம் மூண்டு மணிக்கு. அதுக்கு முன்னம் இவவை முடிக்கச் சொல்லு பிள்ளை."

சொன்னது சொன்னபடி ஆங்கிலத்தில் கொடுத்தேன். ராகு காலத்துக்குத்தான் கொஞ்சம் தடுமாறினேன். டொக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார். ஐயா இரண்டு வரை போய், "இதுக்குக் கீழயும் போகவேணுமோ?" என்று கேட்டார். உயில் என்றால் என்ன என்று டொக்டர் கேட்டார். "மரணசாதனம். நான் செத்தாப் பிறகு என்ர பொருள் ஆருக்கு எண்டு நான் இருக்கேக்க சொல்லிறது. விருப்பமெண்டால் நாளைக்கு மாத்தலாம். செத்தாப் பிறகு மாத்தேலாது." என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டார். அவ்வளவுதான், அவருக்குள் இருந்த நில அளவையாளர் எழும்பிவிட்டார். காணி முன்பக்கம் முப்பது அடி, நீளம் நூற்றிப்பத்து, வேலியைப் பக்கத்து வீட்டுக்காரன் இந்தப் பக்கமாக ஐந்து அங்குலம் தள்ளிப் போட்டிருக்கிறான், தான் சொல்லியும் அவன் கேட்கவில்லை. கூரை போன மாரியில் ஒழுகினது. பாங்கில் இவ்வளவு, அது செத்தவீட்டுச் செலவுக்குப் போதும். இலங்கையில் ஒன்றும் இல்லை.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். இந்த மனுசனுக்கா புத்தி மாறாட்டம்? என் புத்தியை அளந்து பார்த்தால் இதில் பாதி வராது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

ஐயா யன்னல் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை இல்லை."

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டரின் பேனை நின்றது.

"முன்பு இருந்தார்களா?"

"ஒருத்தன் இருந்தவன். செத்திட்டான்."

"எப்போது?"

"தொண்ணூற்றி மூண்டு, ஆவணி. அந்தியேட்டியும் செய்தாச்சு."

ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் வைத்தேன். அந்தியேட்டியை, மரணச் சடங்கு என்று சொன்னேன். டொக்டர் கோவையைத் திறந்து இரண்டு கடுதாசிகளை எடுத்தார். ஒன்று ஸிராஜின் கடிதம்: ஒரே மகன், மொன்றியலில் இருக்கிறார், தகப்பனோடு தொடர்பில்லை. மற்றது பெப்ரவரியில் ஐயா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ஸ் எழுதிய குறிப்பு: நோயாளியின் மகன் பார்க்க வந்தார், நோயாளிக்கு மகனை அடையாளம் தெரியவில்லை.

டொக்டர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, மிகவும் மெதுவாக அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். ஐயா அதே பதிலை வேறு விதமாகச் சொன்னார். செத்தவன் செத்தவன்தான்.

பொறுக்க முடியவில்லை. ஆங்கிலத்தில், "டொக்டர், நான் ஒன்று விளக்கலாமா? எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்…" என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தினார். "தயவுசெய்து வேண்டாம். உங்களுக்குத் தெரிந்திருப்பது உங்கள் மனதில் இருக்கிறது. நான் பார்க்க வந்தது இவருடைய மனதை. நீங்கள் எனக்குச் சொல்லி நான் எழுதினால், நாளைக்கு மகனின் லோயர் இந்தக் கடுதாசியைக் கிழித்துப் போடுவார்."

சரியான பேச்சுத்தான். அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

டொக்டர் ஐயாவின் பக்கம் திரும்பினார். "திரு ஸ்ரீஸ்கந்தராசா, நான் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களுடைய குடும்பம் யார் என்பது உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு நிச்சயம் வரவேண்டும். அது வராவிட்டால் நான் எழுதித் தர முடியாது. நான் எழுதித் தராவிட்டால், வீடு எங்கே போகும் என்று உங்கள் லோயர் சொல்லியிருப்பார்."

இதைத் தமிழில் சொன்னேன். ஐயா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "என்னத்தையெண்டாலும் எழுதட்டும். நான் எள்ளும் தண்ணியும் இறைச்சு முடிச்ச பேரைத் திருப்பி என்ர வாயால சொல்லமாட்டன்" என்றார்.

அங்கேதான் கோபத்தை விடுவதாக வைத்த என் நேர்த்தி உடைந்தது.

"ஐயா, உங்கட வீம்புக்கு ஒரு அளவு இல்லையே?" என்றேன். வாய் தன்பாட்டில் போனது. "கீழ ஒருத்தி கேக்காத மாதிரி மெசினைப் போட்டிட்டு நிக்கிறாள். நாலு வருசமா உங்கட பீச்சட்டி எடுத்தவள். உங்கட சபதம் உங்களோட சுடலைக்கு வரும். அவளும் அந்தப் பிள்ளையும் எங்க போறது? எனக்கு உங்களோட கோவிக்க உரிமையில்லை. ஆனா கோவம் வருது, வருதுதான்!"

கீழே மெசின் மட்டும் ஓடியது.

"இப்போது நீங்கள் அவருக்கு என்ன சொன்னீர்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

கர்த்தரே! சொன்னது சொன்னபடி அல்லவா என் கொள்கை. நான் திட்டியதை நானே ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வீம்பு, பீச்சட்டி, சுடலை, கோபம், எல்லாம். முகம் அடுப்பில் வைத்தது போல எரிந்தது. டொக்டர் எல்லாவற்றையும் எழுதினார்.

"என்ன பதில் சொல்லவேண்டும் என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் தொடர்கிறேன்," என்றார். "இனி ஒரு சொல் உங்கள் பாட்டில் பேசினால் நிறுத்திவிட்டு வேறு ஒருவரோடு வருவேன். எனக்கு அடுத்த நேரம் ஏப்ரல் கடைசியில்தான் இருக்கிறது."

ஏப்ரல் கடைசி. ஐயாவின் கண்ணின் மஞ்சளைப் பார்த்தால் ஏப்ரல் தொடக்கத்தையே அவர் காணமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. டொக்டர் சொன்னதை மட்டும் அவருக்குத் தமிழில் சொன்னேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. மடியில் கிடந்த போர்வையின் விளிம்பைப் பிடித்து, ஒரு நூலை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் அவசரப்படுத்தவில்லை. நல்ல மனுசி, நேரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எழுதச் சொல்லு பிள்ளை," என்றார் கடைசியில்.

"என்ன ஐயா?"

"ஜனார்த்தன்."

அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் வாய் கோணிப்போயிற்று. பிறகு சொல்லத் தொடங்கினார். நிறுத்தி நிறுத்தி, நான் மொழிபெயர்க்க இடம் விட்டுவிட்டு, அளவுக் குறிப்புச் சொல்லும் ஆளைப் போலவே சொன்னார்.

"ஸ்ரீஸ்கந்தராசா ஜனார்த்தன். ஐம்பத்தெட்டு, ஆனி மாசம் ஒன்பது. வவுனியா ஆஸ்பத்திரி. நான் காட்டுக்குள்ள அளவைக்குப் போயிட்டன், மூண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தன். ஆறு றாத்தல். வலது காலில ஆறு தையல் இருக்கு, நான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அளக்கிற சங்கிலி கிழிச்சது. கணக்குக் கெட்டிக்காரன். பொய் சொன்னா இடது காது சிவக்கும். என்ர ஒரே பிள்ளை. இருக்கிறான். மொன்றியலில இருக்கிறான்."

டொக்டர் தலையைத் தூக்கவில்லை. "பெப்ரவரியில் ஆஸ்பத்திரிக்கு வந்தது யார்?"

"அவன்தான். நடை சத்தத்திலயே எனக்குத் தெரிஞ்சிட்டுது. கதவடியில வந்து நிண்டவன். மெலிஞ்சு போனான். தலைமயிரும் கொட்டிப்போச்சு. கையில ஒரு பை தோடம்பழம். நேர்ஸ் பிள்ளை ஆரெண்டு கேட்டது. நான் தெரியாதெண்டு சொன்னன். பையைக் கதிரையில வைச்சிட்டுப் போயிட்டான்." மூச்சு வாங்கினார். "நான் அதில ஒண்டும் தொடேல்லை." பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. ஒண்டு திண்டனான். விடியப்புறம், ஒருத்தரும் பாக்காத நேரம்."

அதற்கு மேல் அவருக்கு முடியவில்லை. அழுதார். எழுபத்தெட்டு வயது மனுசன், சேட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஒன்று தின்றேன், விடியப்புறம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். டொக்டர் தன் கைப்பையிலிருந்து கடுதாசிக் கைக்குட்டை எடுத்து முதலில் அவருக்கும் பிறகு எனக்கும் தந்தார்.

"உயிரோடு இருப்பவர் செத்துவிட்டார் என்று ஏன் சொன்னீர்கள்?"

"செத்தவன் எண்டு நினைச்சாத்தான் எனக்கு நித்திரை வந்தது. கோயில்ல ஐயரிட்டைப் பொய் சொல்லி எல்லாம் செய்தன். பாவம்தான். எனக்குத் தெரியும் அவன் சாகேல்லை எண்டு. அண்டைக்கும் தெரியும், இண்டைக்கும் தெரியும்."

"இப்போது, இதெல்லாம் தெரிந்துகொண்டு, வீட்டை யாருக்குக் கொடுக்க விரும்புகிறீர்கள்?"

அந்த அழுகையைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். மகனின் பெயரைத் திறந்துவிட்டார், மனமும் அதன் பின்னால் போய்விட்டால்?

"சாம்பவிக்கு," என்றார் ஐயா.

"ஏன்?"

"அவன் என்ர பிள்ளை. அதுக்காகத்தான். என்ர பிள்ளை விட்டிட்டுப் போன ஆக்களை நானும் விட்டிட்டுப் போக ஏலாது."

"மகன் கோபப்படமாட்டாரா?"

"கோவிப்பான். வழக்குக்கும் வருவான். அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

நான் மொழிபெயர்த்ததும் டொக்டர் கிரீன்வுட் வாய்விட்டுச் சிரித்தார். பேனையை மூடினார். "எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. நாளைக்கே எழுதி அனுப்புகிறேன். இந்த மாதம் நான் பார்த்த ஆட்களில் இவர்தான் தெளிவானவர்." எழும்பிப் போய் ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராகு காலத்துக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது.

டொக்டரின் கார் போனபிறகு கீழே சத்தம் போட்டுச் சாம்பவியைக் கூப்பிட்டேன். மெசின் நின்றது. அவள் படியேறி வந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

"பிள்ளை சாம்பவி," என்றார் ஐயா. "இஞ்ச வா."

போனாள்.

"ஜனாவுக்குக் கோல் எடு. வரச் சொல்லு."

அவள் அப்படியே நின்றாள். நாலு வருடமாக அந்த வீட்டுக்குள் கேட்காத பெயர். விளங்கவில்லையோ என்று நினைத்து ஐயா திருப்பிச் சொன்னார். "வீடு உனக்குத்தான், அது நான் சொல்லிட்டன். ஆனா எனக்குக் கொள்ளி வைக்க அவன் வரவேணும். செத்தவன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தன், இப்ப இருக்கிறான் எண்டு வெள்ளைக்காரிக்கு வாக்குமூலம் குடுத்திட்டன். இனி மறைச்சு என்ன? இண்டைக்கே எடு."

இந்த நாட்டில் கொள்ளி என்றால் ஒரு பட்டன். சுடுகாட்டு மண்டபத்தில் பெட்டி உள்ளே போனதும் மகன் போய் அமத்துவான். அந்தப் பட்டனுக்காக அந்த மனுசன் நாலு வருடக் கோபத்தை விட்டுவிட்டார்.

சாம்பவி குசினிக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். மொழிபெயர்ப்பு வேலை முடிந்துவிட்டது, இனி என் வாய்க்கு யாரும் பூட்டுப் போட முடியாது.

"விசரே உனக்கு?" என்று அடித்தொண்டையில் கத்தினேன். "உயில் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. வெள்ளிக்கிழமைதான் ஸிராஜ் கொண்டுவாறார். அதுக்கிடையில அவன் வந்து காலில விழுந்து அழுதா? நீ உள்ள நடந்ததைப் பாக்கேல்லை, நான் பாத்தனான். அந்த மனுசன் உருகிப்போய் இருக்கிறார். மனம் மாறிட்டுதெண்டா நீயும் பிள்ளையும் ரோட்டில. வெள்ளிக்கிழமை கையெழுத்து முடிஞ்சாப்பிறகு எடு. மூண்டு நாள். மாமாவுக்கு லைன் கிடைக்கேல்லை எண்டு சொல்லு."

"அவர் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பாரோ தெரியாது அக்கா."

"இருப்பார்! இல்லாட்டிலும் அவன் உனக்குச் செய்ததுக்கு…"

"இண்டைக்கே எண்டு சொன்னவர்," என்றாள். "மனம் மாறினா மாறட்டும். அது அவற்ர வீடு. அவற்ர மகன்."

இப்படி ஒரு பேய்ப் பெண்ணை நான் கண்டதில்லை. பிடித்து உலுப்பவேண்டும் போல் இருந்தது. கட்டிப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். ஜனார்த்தன் புதன்கிழமையே பஸ்ஸில் வந்துவிட்டான். கையெழுத்து வைக்கிற நேரம் ஸிராஜ் அவனையும் சாம்பவியையும் வெளியே போகச் சொன்னார். அவள் கீழே போனாள். அவன் வாசல் படியில், கோட்டைப் பூட்டாமல், ஈர ஸ்னோவுக்குப் பக்கத்தில் போய் இருந்தான். ஸிராஜ் வாசிக்க வாசிக்க ஐயா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைத்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. அடுத்த வியாழன், பெரிய வெள்ளிக்கு முதல் நாள், கண்ணை மூடினார். ஜனார்த்தன் பட்டனை அமத்தினான். வழக்கு ஒன்றும் போடவில்லை. அந்தியேட்டியையும் அவனே செய்தான், அதே மண்டபத்தில், பஸ்ரியன் அண்ணையின் சாப்பாடு.

ஆனால் இதெல்லாம் பிறகு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் குசினிக்குள் நின்ற சாம்பவிக்கு இதில் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. அவள் சுவரிலிருந்த ரெலிபோனைக் கையில் எடுத்தாள். சரி, எக்கேடாவது கெட்டுப் போ என்று நினைத்து, பக்கத்தில் தொங்கிய நம்பர்க் கொப்பியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. பதினொரு இலக்கத்தையும், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, ஒன்றையும் தேடாமல் அடித்தாள். மறுபக்கம் மணி இரண்டுதரம்கூட அடித்திருக்காது.

"நான்தான்," என்றாள். பெயர் சொல்லவில்லை. "மாமா உங்களை வரட்டாம்."